ஓட்டம் நின்றது, தீவனம் நிற்கவில்லை
பெருந்தொற்றுக் காலத்தில் இந்தியக் குதிரைப் பந்தயத் தொழில் கற்ற நிதிப் பாடம்

குதிரை லாயத்தில் பொழுது புலர்வதற்கு முன்பே நாள் தொடங்கிவிடும். பராமரிப்பாளர் முதலில் ஒவ்வொரு குதிரையின் கால்களையும் தடவிப் பார்ப்பார். வீக்கமோ சூடோ இருந்தால் பயிற்சியாளரிடம் தெரிவிப்பார். பிறகு படுக்கைக்கு இட்ட பழைய வைக்கோலை அகற்றுதல், தண்ணீர் வைத்தல், உடலைத் தேய்த்துவிடுதல், சேணம் பூட்டிப் பயிற்சிக்கு அனுப்புதல், திரும்பியதும் வியர்வை அடங்கும் வரை நடத்துதல் என்று வேலைகள் வரிசையாகக் காத்திருக்கும். கொள்ளும் ஓட்ஸும் புல்லும் அளந்து வைத்த பின்னரே அவர் தம் காலை உணவுக்குச் செல்வார்.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் பொதுமுடக்கம் நடைமுறைக்கு வந்தது. அன்று காலையிலும் இந்தப் பணிகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால், இவற்றுக்கெல்லாம் பணம் தந்துகொண்டிருந்த ஒரே ஊற்று அடைபட்டுவிட்டது. பந்தயங்கள் நின்றுபோயின.

பெருந்தொற்று பல தொழில்களை முடக்கியது. திரையரங்கைப் பூட்டினால் மின்கட்டணம் குறையும். ஆலையை நிறுத்தினால் மூலப்பொருள் செலவு குறையும். குதிரைப் பந்தயத் தொழிலில் அப்படிக் குறைப்பதற்கு ஏறக்குறைய எதுவுமே இல்லை. வருமானம் ஒரே நாளில் நிற்கக்கூடியது. செலவோ ஒரு நாளும் நிற்காதது. இவ்விரண்டுக்கும் இடையே சிக்கிய ஒரு தொழிலின் கதை, சம்பளத்திலோ சிறுதொழிலிலோ வாழும் நமக்கும் பொருந்தும் பல செய்திகளைச் சொல்கிறது.

பணம் பாயும் பாதை

இந்தியாவில் குதிரைப் பந்தயம் பழமையானது. சென்னை கிண்டியில் 1777-ஆம் ஆண்டிலேயே பந்தயம் நடந்ததாக அதன் வரலாறு தொடங்குகிறது. கொல்கத்தாவின் ராயல் கல்கத்தா டர்ஃப் கிளப் 1847-இல் நிறுவப்பட்டது. மும்பையின் மகாலட்சுமி மைதானம் 1883-ஐச் சேர்ந்தது. இவற்றுடன் புனே, பெங்களூரு, மைசூரு, ஹைதராபாத், தில்லி ஆகிய ஊர்களும் பந்தய வரைபடத்தில் இடம்பெறுபவை.

இது சூதாட்டமா, திறன் சார்ந்த விளையாட்டா என்ற கேள்வி நெடுங்காலம் நீடித்தது. தமிழ்நாடு அரசுக்கு எதிராக டாக்டர் கே.ஆர்.லட்சுமணன் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996 ஜனவரியில் தீர்ப்பளித்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் தேர்ச்சி ஆகியவற்றை எடைபோடும் திறனே இதில் முதன்மையானது என்று அத்தீர்ப்பு கூறியது. இத்தொழிலின் சட்ட அடித்தளம் அதுவே.

பொருளாதார அடித்தளம் வேறு. டோட்டலைசேட்டர் முறையில் பந்தயம் கட்டுவோர் செலுத்தும் தொகை ஒரு பொதுத் தொகுப்பில் சேரும். அதிலிருந்து வரியும் பந்தய மன்றத்தின் தரகும் கழிக்கப்படும். எஞ்சியது வென்றோருக்குப் பகிர்ந்தளிக்கப்படும். மன்றத்துக்குக் கிடைக்கும் அந்தத் தரகுதான் எல்லாவற்றுக்கும் வேர். அதிலிருந்தே ஓடுதளம் பராமரிக்கப்படுகிறது. ஊழியர் ஊதியம் வழங்கப்படுகிறது. பரிசுத் தொகையின் பெரும்பகுதியும் திரட்டப்படுகிறது. பரிசுத் தொகையில் பெரும்பங்கு குதிரையின் உரிமையாளருக்குச் செல்கிறது. பயிற்சியாளருக்கும் ஜாக்கிக்கும் விழுக்காட்டுக் கணக்கில் பங்கு உண்டு. உரிமையாளர் பயிற்சியாளருக்கு மாதக் கட்டணம் செலுத்துகிறார். பயிற்சியாளர் அதிலிருந்து பராமரிப்பாளர்களுக்குச் சம்பளமும் தீவன வணிகருக்கு விலையும் லாடம் அடிப்பவருக்குக் கூலியும் தருகிறார்.

ஆக, மைதானத்தின் பந்தயச் சாளரத்தில் ஒருவர் நீட்டும் ரூபாய்த்தாள், ஐந்தாறு கைகள் மாறிக் கடைசியில் லாயத்தின் கடைக்கோடியில் இருப்பவரின் அரிசிப் பானையை அடைகிறது. சாளரம் மூடப்பட்டால் அந்தப் பாதை முழுவதும் வறண்டுவிடும். 2020 மார்ச் மாதத்தில் நேர்ந்தது அதுவே.

சரிந்த நாட்காட்டி

பந்தய ஆண்டு ஒரு தொடர்வண்டியைப் போன்றது. குளிர்காலத்தில் மும்பை, சென்னை, கொல்கத்தா, ஹைதராபாத், பெங்களூரு. கோடையில் மீண்டும் பெங்களூரு; அக்காலத்தில் உதகமண்டலமும். மழைக்காலத்தில் புனே, மைசூரு, ஹைதராபாத். குதிரைகளும் அவற்றைப் பேணுவோரும் பருவத்துக்கேற்ப ஊர் மாறுவார்கள்.

பொதுமுடக்கம் குளிர்காலப் பருவத்தின் இறுதியை வெட்டியது. ஏப்ரலில் தொடங்க வேண்டிய உதகைப் பருவத்தின் மீது நேரடியாக விழுந்தது. அதன்பின் மழைக்காலப் பருவங்களும் குலைந்தன. 2020-இன் பிற்பகுதியில் ஒவ்வோர் ஊராகப் பந்தயங்கள் மீண்டபோது பார்வையாளர் மாடங்கள் காலியாக இருந்தன. நுழைவுக் கட்டணம் இல்லை. உணவகக் குத்தகை இல்லை. கூட்டம் கொண்டுவரும் பந்தயத் தொகையும் இல்லை. மூச்சுவிடத் தொடங்கிய நேரத்தில், 2021 கோடையில் இரண்டாம் அலை வந்து மீண்டும் கதவுகளை மூடியது.

வெளிநாடுகளின் அனுபவம் இங்கே ஒப்பிடத்தக்கது. பிரிட்டனில் 2020 மார்ச்சில் நின்ற பந்தயம் ஜூன் 1 அன்று பார்வையாளர் இன்றித் தொடங்கியது. அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி மே மாதத்திலிருந்து செப்டம்பருக்குத் தள்ளப்பட்டது. ஹாங்காங்கும் ஜப்பானும் காலி மாடங்களுக்கு முன் பந்தயங்களைத் தொடர்ந்து நடத்தின. அங்கெல்லாம் வீட்டிலிருந்தபடியே தொலைபேசி, இணையம் வழியாகப் பந்தயம் கட்டும் ஏற்பாடு நெடுங்காலமாக வேரூன்றியிருந்தது. மாடம் காலியானாலும் தொகுப்பு காலியாகவில்லை. நம் நாட்டிலோ சட்டமும் வழக்கமும் பந்தயத்தைப் பெரும்பாலும் மைதானத்தோடும் அதன் அங்கீகரிக்கப்பட்ட மையங்களோடும் கட்டிவைத்திருந்தன. வாடிக்கையாளரை அடைய ஒரே ஒரு வாசல் வைத்திருந்த வணிகம், அந்த வாசல் மூடப்பட்டபோது மாற்று வழியின்றி நின்றது.

உயிருள்ள சொத்து

கணக்கியலில் குதிரை ஒரு சொத்து. ஆனால் அது உண்ணும் சொத்து, நோயுறும் சொத்து, வயதாகும் சொத்து.

ஏறத்தாழ 450 முதல் 500 கிலோ எடையுள்ள பந்தயக் குதிரைக்கு நாள்தோறும் சுமார் 10 கிலோ தீவனம் தேவை. நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை லாடம் மாற்ற வேண்டும். லாயத்திலேயே அடைத்துவைத்தால் வயிற்றுக் கோளாறு ஏற்படும்; குதிரைக்கு அது உயிராபத்தாகவும் முடியலாம். எனவே பந்தயம் இல்லாவிட்டாலும் நடத்தியாக வேண்டும், ஓடவிட்டாக வேண்டும். வேலையாள் பற்றாக்குறை என்று ஒரு நாளைத் தள்ளிப்போட முடியாது.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். இது எடுத்துக்காட்டு மட்டுமே. ஒரு பயிற்சியாளரிடம் 20 குதிரைகள் இருக்கின்றன. ஒன்றுக்கு மாதச் செலவு 25,000 ரூபாய் என்று கொள்வோம். மாதத்துக்கு 5 லட்சம் ரூபாய். ஆறு மாதங்கள் பந்தயம் நடைபெறாவிட்டால் 30 லட்சம் ரூபாய். இக்காலத்தில் பரிசுப் பணமாக ஒரு ரூபாயும் வராது. உரிமையாளர்களில் பலர் தங்கள் முதன்மைத் தொழிலிலேயே அடிவாங்கியிருப்பார்கள். அவர்களில் நால்வர் மாதக் கட்டணத்தை நிறுத்தினால், அந்தக் குதிரைகளைப் பட்டினி போட முடியாத பயிற்சியாளர் தம் சேமிப்பை உடைப்பார். சேமிப்பு தீர்ந்தபின் தீவன வணிகரிடம் கடன். அதுவும் முற்றினால், அடுத்த வெட்டு விழும் இடம் பராமரிப்பாளரின் சம்பளம்.

இன்னொரு நட்டம் கணக்குப் புத்தகத்தில் தெரியாதது; அது காலத்தின் நட்டம். இந்தியாவில் பந்தயக் குதிரைகள் அனைத்துக்கும் ஜனவரி 1 அன்று ஒரு வயது கூடும். 1943-இல் தொடங்கிய இந்தியன் டெர்பியில் நான்கு வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடலாம். ஒரு குதிரையின் வாழ்நாளில் அந்த வாய்ப்பு ஒரே ஒரு முறைதான். கிரிக்கெட் வீரர் ஓராண்டு காத்திருக்கலாம். ஓட்டத்தின் உச்சப் பருவமே சில ஆண்டுகளான குதிரைக்கு, இழந்த ஓராண்டு திரும்பி வராது. வாங்கிய விலையை மீட்கும் வாய்ப்பும் அத்துடன் சுருங்கிவிடுகிறது.

இதன் அதிர்வு குதிரைப் பண்ணைகளையும் எட்டியது. பெண் குதிரையின் கர்ப்ப காலம் ஏறத்தாழ 11 மாதங்கள். பிறந்த குட்டி களமிறங்க மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 2020 வசந்தத்தில் கருவுற்ற குதிரையின் குட்டி 2021-இல் பிறந்து, 2023-இல்தான் ஓட்டக்களத்தைக் காணும். பரிசுத் தொகை குறைந்தால் உரிமையாளர் புதுக் குதிரை வாங்கத் தயங்குவார். அவர் தயங்கினால் பண்ணையின் குட்டிகள் விலைபோகாது. பயிர் விலை சரிந்தால் விவசாயி அடுத்த பருவத்தில் விதைக்காமல் இருக்கலாம். பண்ணையாளருக்கோ விதைத்தது ஏற்கெனவே லாயத்தில் நின்றுகொண்டிருக்கும்.

தவணைக்கு ஓய்வு உண்டு

அரசும் ரிசர்வ் வங்கியும் அக்காலத்தில் எடுத்த நடவடிக்கைகளை நம் வாசகர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். 2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி, காலக்கடன் தவணைகளுக்கு மூன்று மாத ஒத்திவைப்பை அனுமதித்தது. பின்னர் அது ஆகஸ்ட் 31 வரை நீட்டிக்கப்பட்டது. 2020 மே மாதத்தில் 3 லட்சம் கோடி ரூபாய் மதிப்பில் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2021 மார்ச் இறுதியில் அத்திட்டம் விருந்தோம்பல், சுற்றுலா, பொழுதுபோக்கு, விளையாட்டு ஆகிய துறைகளுக்கும் விரிக்கப்பட்டது. நிலுவைக் கடனில் 40 விழுக்காடு வரை கூடுதல் கடன், ஆறாண்டுத் தவணைக் காலம், அதில் முதல் இரண்டாண்டுகள் அசலுக்கு விடுப்பு என்பன அதன் கூறுகள்.

இவை பல நிறுவனங்களைக் காப்பாற்றின. எனினும் இரண்டு வரம்புகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, ஒத்திவைப்பு என்பது தள்ளுபடி அன்று. தவணை நின்றாலும் வட்டி ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மாதம் வருமானம் இல்லாதவருக்கு அது மூச்சுவிட இடம் தந்தது, சுமையை இறக்கிவைக்கவில்லை.

இரண்டாவது, உத்தரவாதத் திட்டம் ஏற்கெனவே வங்கியில் கடன் நிலுவை வைத்திருந்தவர்களுக்கானது. முறையான கடன் கணக்கும் வரவு செலவுப் பதிவும் உள்ளவர் அதன் பலனைப் பெற்றார். ரொக்கத்தில் வாங்கி ரொக்கத்தில் கொடுத்து, வங்கிப் படியேறாமல் தொழில் நடத்தியவருக்கு அந்தக் கதவு திறக்க வழியில்லை. லாயத்தைச் சுற்றி வாழ்பவர்களில் இத்தகையோர் பலர்: புல் கட்டு கொண்டுவருபவர், லாடம் அடிப்பவர், மைதானத்து வாசலில் தேநீர் விற்பவர். தெருவோர வணிகர்களுக்கென 2020 ஜூன் மாதம் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி திட்டம், 10,000 ரூபாய் நடைமுறை மூலதனக் கடன் தந்து இந்த இடைவெளியின் ஒரு பகுதியை நிரப்பியது. ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை மாதம் 500 ரூபாய் நேரடியாகச் சேர்ந்தது. கணக்கு இருந்தவர் பெற்றார், இல்லாதவர் பெறவில்லை. ஒரு சேமிப்புக் கணக்கின் மதிப்பு நெருக்கடி நாளில்தான் முழுமையாகத் தெரிகிறது.

காப்பீட்டிலும் இதே பாடம் உண்டு. குதிரைக்கு எடுக்கும் காப்பீடு பொதுவாக விபத்தாலோ நோயாலோ நேரும் இறப்பை ஈடுசெய்யும். உயிரோடும் நலத்தோடும் லாயத்தில் நிற்கும் குதிரை சம்பாதிக்காமல் போவதற்கு அதில் இழப்பீடு இல்லை. எந்த இடர் நேர்ந்தால் பணம் வரும் என்பதை மட்டுமின்றி, எது நேர்ந்தால் வராது என்பதையும் பத்திரம் வாங்கும் நாளிலேயே படித்தறிவது நல்லது.

வரியும் நிலமும்

பெருந்தொற்று வந்தபோது இத்தொழில் ஏற்கெனவே நலிந்திருந்தது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பது நம் பழமொழி. இங்கே தள்ளியது வரி. குழி பறித்தது தொற்று.

2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியில் குதிரைப் பந்தயம் 28 விழுக்காட்டு அடுக்கில் வைக்கப்பட்டது. அதைவிடப் பெரிய கேள்வி, எந்தத் தொகையின் மீது வரி என்பதாகும். 100 ரூபாய் பந்தயத்தில் மன்றத்தின் தரகு 10 ரூபாய் என்று கொள்வோம். தரகின் மீது வரி என்றால் 2 ரூபாய் 80 காசு. முழுப் பந்தயத் தொகையின் மீது வரி என்றால் 28 ரூபாய். 2018 ஜனவரியில் சேர்க்கப்பட்ட விதி முழுத் தொகையையே அடிப்படையாக்கியது. பெங்களூரு டர்ஃப் கிளப் தொடுத்த வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் அவ்விதியை ஏற்க மறுத்து, தரகின் மீதே வரி என்றது. ஆயினும் 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தங்கள் முழுத் தொகை என்பதை உறுதிப்படுத்தின. 2025 செப்டம்பரில் வரி 40 விழுக்காடாக உயர்ந்தது.

பந்தயத்துக்குக் கடும் வரி விதிப்பது அரசின் கொள்கை முடிவு. அதற்குச் சமூகக் காரணங்கள் உண்டு. அதன் பொருளாதார விளைவு வேறொரு செய்தி. வரி ஏறும்போது வென்றவருக்குக் கிடைப்பது சுருங்குகிறது; வரியே கட்டாத கள்ளப் பந்தயத்தின் கவர்ச்சி கூடுகிறது. மன்றத்தின் சேமிப்பும் கரைகிறது. இவ்வாறு கையிருப்பு மெலிந்திருந்த வேளையில்தான் 2020 வந்தது.

நெருக்கடியில் நிறுவனங்கள் நிலத்தை ஈடுவைத்துக் கடன் பெறுவது வழக்கம். நகரின் நடுவே நூற்றுக்கும் மேற்பட்ட ஏக்கரில் பரந்த மைதானத்தைப் பார்ப்பவர், இவர்களுக்கு என்ன குறை என்றுதான் நினைப்பார். ஆனால் கிண்டியிலும் மகாலட்சுமியிலும் பெங்களூருவிலும் நிலத்தின் பெரும்பகுதி மன்றத்துக்குச் சொந்தமானது அன்று. அரசிடமிருந்தோ மாநகராட்சியிடமிருந்தோ பெற்ற குத்தகை நிலம். காலாவதியான அல்லது வழக்கிலுள்ள குத்தகையை எந்த வங்கியும் உறுதியான ஈடாக ஏற்பதில்லை. கண்ணுக்குத் தெரிந்த செல்வம், கடன் பத்திரத்தில் எழுத முடியாத செல்வமாக இருந்தது. அந்தக் குத்தகைகளின் நிலையாமை பின்னர் வெளிப்பட்டது. 2024-இல் மகாலட்சுமி நிலத்தில் ஏறத்தாழ 120 ஏக்கரைப் பொதுப் பூங்காவுக்காக மாநகராட்சிக்கு விட ஏற்பாடாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டியின் ஏறத்தாழ 160 ஏக்கர் குத்தகையைத் தமிழக அரசு ரத்து செய்தது.

செல்வர்களின் பொழுதுபோக்குக்கு ஏன் இத்தனை கவலை என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. குதிரை வாங்கியவர் பெரும்பாலும் இழப்பைத் தாங்கக்கூடியவர். அவருடைய லாயத்தில் வைகறையில் எழுபவர் அப்படியல்லர். தந்தையிடமிருந்து மகன் கற்றுக்கொண்ட கைத்தொழில் அது. குதிரையின் மூச்சைக் கேட்டே காய்ச்சலை அறியும் தேர்ச்சிக்கு வெளிச்சந்தையில் விலை இல்லை. வேறு வேலைக்குப் போனால் அவர் பழக்கமற்ற கூலியாள். எனவே சம்பளம் குறைந்தபோதும் பலருக்கு லாயத்தை விட்டுச் செல்ல வழி இருக்கவில்லை.

புனேயின் ஒரு பண்ணை

இக்கதையில் ஒரு வியப்பான திருப்பம் உண்டு. புனேயில் பூனாவாலா குடும்பத்தினர் 1946-இல் ஒரு குதிரைப் பண்ணையைத் தொடங்கினர். பந்தயத்துக்கு உதவாத முதிய குதிரைகள் மும்பையின் ஹாஃப்கின் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டன. அங்கே குதிரைகளின் குருதியிலிருந்து நோய் எதிர்ப்பு சீரம் தயாரிக்கப்பட்டது. அந்தத் தொழிலை நாமே செய்யலாமே என்ற எண்ணம் பண்ணையின் வாரிசான சைரஸ் பூனாவாலாவுக்குத் தோன்றியது. 1966-இல் சீரம் இன்ஸ்டிடியூட் ஆஃப் இந்தியா பிறந்தது.

2021 ஜனவரி 16 அன்று நாட்டின் தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது பயன்பட்ட இரு தடுப்பூசிகளில் ஒன்றான கோவிஷீல்டு, அந்நிறுவனத்தின் தயாரிப்பு. மைதானங்களைத் திறக்க உதவிய மருந்து, ஒரு பந்தயக் குதிரைப் பண்ணையின் வழித்தோன்றலிடமிருந்து வந்தது. ஓட்டம் ஓய்ந்த குதிரையில் இரண்டாவது வருமானத்தைக் கண்ட அந்தப் பார்வைதான், ஒரே ஊற்றை நம்பியிருந்த தொழிலில் அரிதாக இருந்தது.

நம் வீட்டுக் கணக்கு

பந்தயம் கட்டுவது சேமிப்பும் அன்று, முதலீடும் அன்று; அதை இக்கட்டுரை பரிந்துரைக்கவில்லை. பந்தயத் தொழில் பட்ட பாட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத் தக்கவை வேறு.

ஒவ்வொரு குடும்பத்திலும் நிற்காத செலவுகள் உண்டு. முதியோரின் மருந்து, பிள்ளைகளின் கட்டணம், வீட்டு வாடகை, கறவை மாட்டின் தீவனம். புதிய உடைபோலவோ பயணம்போலவோ இவற்றைத் தள்ளிப்போட இயலாது. மாதச் செலவை இவ்விரு வகையாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். நிற்காத செலவுகளின் கூட்டுத்தொகையை ஆறால் பெருக்குங்கள். அவசரகால நிதியாக நீங்கள் எட்ட வேண்டிய இலக்கு அதுவே. அதை உடனே எடுக்கத்தக்க சேமிப்புக் கணக்கிலோ குறுகிய கால வைப்பிலோ வைப்பது பொருத்தம்.

அடுத்து, உங்களிடம் பணிபுரிவோரைப் பற்றியும் ஒரு வரி எழுதுங்கள். அவர்களுக்கு வங்கிக் கணக்கு உள்ளதா? சம்பளம் அதில் வரவாகிறதா? 2015-இல் தொடங்கிய பிரதமரின் ஜீவன் ஜோதி, சுரக்ஷா காப்பீடுகளில் அவர்கள் சேர்ந்திருக்கிறார்களா? ஜீவன் ஜோதிக்கு ஆண்டுக்கு 436 ரூபாய். சுரக்ஷாவுக்கு 20 ரூபாய். ஒவ்வொன்றிலும் 2 லட்சம் ரூபாய் காப்பு. அடுத்த நெருக்கடி எப்போது வரும் என்பது எவருக்கும் தெரியாது. வரும்போது முதலில் காலியாவது கடைக்கோடியில் இருப்பவரின் பானை என்பதை 2020 காட்டிவிட்டது.

பந்தயங்கள் மீண்டும் நடைபெறுகின்றன. லாயங்களில் இன்றும் வைகறைக்கு முன்பே விளக்கு எரிகிறது. பராமரிப்பாளர் குனிந்து குதிரையின் கால்களைத் தடவிப் பார்க்கிறார். பந்தயம் இல்லாத மாதங்களிலும் அவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.